தேநீரும் தாவரப் பாலும் இரத்தச் சர்க்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பலர் நாள்தோறும் தேநீர் அருந்துபவர்கள். அண்மைக் காலமாகப் பசும்பாலுக்குப் பதில் சோயா, பாதாம், ஓட்ஸ் ஆகியவற்றின் பாலும் வீடுகளுக்குள் வந்துவிட்டதால், எது நல்லது, எது கூடாது என்ற குழப்பம் கூடியிருக்கிறது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அடிக்கடி எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நீரிழிவு இருந்தால் தேநீரை விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. தேயிலையைக் கொதிநீரில் போட்டு வடித்த சாற்றில் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் அளவுக்கு மாவுச்சத்தோ சர்க்கரையோ கிடையாது. நாம் பார்க்க வேண்டியது அந்தச் சாற்றுடன் சேர்வனவற்றை: பால், சர்க்கரை, பக்கத்தில் வைத்துக் கடித்துக்கொள்ளும் பண்டம்.

டீக்கடைக் கண்ணாடிக் குவளை ஒன்று பொதுவாக 100 முதல் 120 மி.லி. கொள்ளும். அதில் பாதி பால் என்று வைத்துக்கொண்டால், 100 மி.லி. பசும்பாலில் சுமார் 5 கிராம் பால் சர்க்கரை இருப்பதால், ஒரு குவளையில் பாலின் வழியாக வருவது ஏறக்குறைய 3 கிராம். அதே குவளையில் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் வருவது 8 முதல் 10 கிராம். நாளுக்கு நான்கு முறை என்றால் பாலினால் 12 கிராம், சீனியினால் 32 முதல் 40 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், அடங்குவது மேலும் நல்லது என்கிறது. நீரிழிவு இல்லாதவருக்கும் அதுவே வரம்பு. ஆகவே தேநீரைப் பற்றிய எந்தத் திருத்தமும் கரண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தப் பால் என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

பசும்பாலை நிறுத்திவிட்டுத் தாவரப் பாலுக்கு மாறினால் சர்க்கரை குறைந்துவிடுமா?

எந்தத் தாவரப் பால் என்பதைப் பொறுத்தது. இனிப்பில்லாத பாதாம் அல்லது சோயாப் பாலுக்கு மாறினால் குவளைக்கு இரண்டு மூன்று கிராம் மாவுச்சத்து குறையும். ஓட்ஸ் பாலுக்கோ அரிசிப் பாலுக்கோ மாறினால் கூடத்தான் செய்யும். பசும்பாலில் உள்ள சர்க்கரை, புரதமும் கொழுப்பும் உடன் இருப்பதால், மெதுவாகவே இரத்தத்தில் சேர்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள், பால் ஒவ்வாமை உள்ளவர்கள், பால் உள்ளிட்ட விலங்குப் பொருள்கள் அனைத்தையும் தவிர்க்கும் நனிசைவத்தைக் கடைப்பிடிப்பவர்கள் ஆகியோருக்குத் தாவரப் பால் உண்மையிலேயே பயன்படும். அந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல், சர்க்கரை நோய்க்குப் பசும்பால் ஆகாது என்ற பயத்தினால் மட்டும் மாற வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால், தேநீருக்கு எந்தத் தாவரப் பால் பொருத்தமானது?

இனிப்புச் சேர்க்காத சோயாப் பாலையே முதலில் சொல்வேன். 100 மி.லி.யில் ஏறத்தாழ 3 கிராம் புரதம் இருக்கிறது, இது பசும்பாலுக்கு நெருங்கிய அளவு. மாவுச்சத்து ஒன்றிரண்டு கிராம்தான். வீட்டில் தயாரிப்பவர்கள் ஊறவைத்து அரைத்து வடித்த சோயாப் பாலைக் குறைந்தது 15 நிமிடமாவது நன்கு கொதிக்கவிட வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன, அவை கொதியில்தான் அடங்கும். அந்தப் பச்சை வாடையும் அப்போதுதான் குறையும்.

பாதாம் பாலில் சர்க்கரை மிகக் குறைவு, ஆனால் மற்றவையும் குறைவு. பொட்டலத்தில் வருவதில் பெரும்பகுதி தண்ணீர், 100 மி.லி.யில் புரதம் அரை கிராம் அளவே இருக்கும். வீட்டில் பத்துப் பன்னிரண்டு பாதாமை இரவில் ஊறவைத்துத் தோல் உரித்து ஒரு குவளை நீரில் அரைத்தால், அதைவிடச் செறிவான பால் கிடைக்கும். செலவும் கட்டுக்குள் நிற்கும்.

நிலக்கடலைப் பால் நம் ஊருக்கு ஏற்றது, விலை குறைந்தது, இருந்தும் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம். 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடிக் கடலையை ஊறவைத்து அரைத்து, துணியில் வடித்து, ஒரு கொதி வைத்தால் மூன்று நான்கு குவளைத் தேநீருக்குப் போதும். பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலைகளைக் கட்டாயம் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றில் கல்லீரலுக்குக் கேடு செய்யும் நச்சு இருக்கக்கூடும்.

தேங்காய்ப் பாலினால் சர்க்கரை ஏறாது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் தண்ணீர் விடாமல் பிழிந்த முதல் பாலில் 100 மி.லி.க்கு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு உண்டு, அதில் மிகுதியும் நிறைவுற்ற கொழுப்பு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதய நோயின் அபாயமும் கூடுதல் என்பதால், நாள்தோறும் பல குவளைகளுக்கு இது ஏற்றதல்ல. இரண்டாம் பாலை எப்போதாவது ஒரு முறை, இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்ட தேநீரில் கலந்து பாருங்கள். மணம் நிறைவாக இருக்கும்.

ஓட்ஸ் நல்லது என்கிறார்களே, ஓட்ஸ் பால் ஏன் கூடாது?

ஓட்ஸ் தானியமும் ஓட்ஸ் பாலும் ஒன்றல்ல. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் உருவான முறையில், ஓட்ஸ் மாவுடன் நொதிகளைச் சேர்த்து, அதன் மாவுச்சத்தை உடைத்து நீர்மமாக்குகிறார்கள். அவ்வாறு உடையும் மாவுச்சத்தின் ஒரு பகுதி மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாறுகிறது. அது மிக வேகமாக இரத்தத்தில் ஏறக்கூடியது. சர்க்கரை சேர்க்காமலேயே அந்தப் பால் இனிப்பதற்குக் காரணம் இதுதான். 100 மி.லி.யில் 6, 7 கிராம் மாவுச்சத்து இருப்பது வழக்கம். ஓட்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்த நார்ச்சத்தில் ஒரு பங்கும் வடிகட்டுதலில் போய்விடுகிறது. இரண்டு மூன்று கரண்டி அளவில் தேநீரின் நிறத்தை மாற்றப் பயன்படுத்தினால் பெரிய கேடில்லை. ஒரு பெரிய கோப்பை முழுவதும் ஓட்ஸ் பாலில் போட்ட தேநீர் வேறு கதை.

அரிசிப் பாலில் மாவுச்சத்து இன்னும் கூடுதல். கேழ்வரகுப் பாலும் அப்படியே. துணியில் சக்கையை வடித்துவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்துத்தான்.

கடையில் கிடைக்கும் பாதாம் பாலை நீரிழிவு உள்ளவர் குடிக்கலாமா?

இங்கே ஒரே பெயர் இரண்டு பொருள்களைக் குறிப்பதுதான் சிக்கல். நம் ஊர்ப் பால் கடைகளிலும் இனிப்புக் கடைகளிலும் மஞ்சள் நிறத்தில் சூடாகவோ குளிர்வாகவோ தரப்படும் பாதாம் பால், பசும்பாலில் சர்க்கரையும் பாதாம் பொடியும் கலந்து காய்ச்சியது. அது இனிப்புப் பண்டத்துக்குச் சமம். மருத்துவரோ உணவியல் வல்லுநரோ பாதாம் பால் குடிக்கலாம் என்று சொன்னால், அவர்கள் குறிப்பிடுவது பாதாமைத் தண்ணீரில் அரைத்த இனிப்பில்லாத பாலை. வயதானவர்களுக்கு இந்த வேறுபாட்டை வீட்டில் உள்ளவர்கள் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பொட்டலத்தின் மேல் எதைப் பார்த்து வாங்குவது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021-இல் எடுத்த நடவடிக்கைக்குப் பிறகு, சோயா, பாதாம், ஓட்ஸ் பொட்டலங்களில் பெரும்பாலும் பால் என்ற சொல்லைக் காண இயலாது. பானம் என்றே இருக்கும். முன்பக்கத்து எழுத்துகளைவிடப் பின்பக்கத்து அட்டவணையே நம்பத்தக்கது.

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்பதும் "சர்க்கரை அற்றது" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைப் போட வேண்டுமானால் 100 மி.லி.யில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டக் கூடாது. முதலாவதோ, வெளியிலிருந்து சீனி போடவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஓட்ஸில் தானாக உருவான மால்ட்டோஸ் அதில் நிறையவே இருக்கலாம். ஆகவே 100 மி.லி.க்கு மொத்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். தேநீருக்கு 2 கிராமுக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சேர்பொருள் பட்டியலில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், பேரீச்சம் பாகு, கரும்புச் சாறு ஆகிய பெயர்கள் இருந்தால், அவை எல்லாம் இரத்தத்தில் சர்க்கரையாகவே சேரும் என்று கொள்ள வேண்டும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்கு வரும் தவறான பதில்களால் பலருடைய சர்க்கரை அளவு கட்டுப்பாட்டை இழந்ததைப் பார்த்திருப்பதால், ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன்: இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இவற்றுக்கும் வெள்ளைச் சீனிக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். சிறிது இரும்பும் தாதுக்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு கரண்டியில் கிடைக்கும் அந்தச் சிறு அளவுக்காகச் சர்க்கரையை ஏற்றிக்கொள்வது சரியான பேரமாகாது. தேன் அடர்த்தியானது என்பதால் ஒரு தேக்கரண்டியில் சீனியைவிடக் கூடுதலான எடையே ஏறும். கருப்பட்டிக் காபி விற்கும் கடைகளில் "சர்க்கரை நோயாளிகளும் அருந்தலாம்" என்று எழுதி வைத்திருப்பதை நம்ப வேண்டாம்.

யாழ்ப்பாணத்துப் பழக்கம் ஒன்றை மட்டும் இங்கே சொல்லலாம். அங்கே வெறுந்தேநீரில் இனிப்புப் போடாமல், பனங்கட்டித் துண்டைச் சிறிதாகக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். நீரிழிவு இல்லாத ஒருவர் இனிப்பைக் குறைக்க நினைத்தால், முழுக் குவளையையும் இனிப்பாக்குவதைவிட அது நல்ல முறை.

செயற்கை இனிப்பூட்டிகள் பாதுகாப்பானவையா?

சுக்ரலோஸ், சீனித்துளசிச் (ஸ்டீவியா) சாறு போன்றவை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இரத்தச் சர்க்கரையை நேரடியாக உயர்த்துவதில்லை. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை சென்னையில் நடத்தி 2024-இல் வெளியிட்ட 12 வார ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் தேநீரிலும் காபியிலும் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்த்தபோது, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உடல் எடை சற்றே குறைந்தது. அதனால் தீங்கும் தெரியவில்லை, பெரிய அதிசயமும் நிகழவில்லை. உடல் எடையைக் குறைப்பதற்காக இவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. எனினும் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே கூறப்பட்டுள்ளது.

பொடி வடிவில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பொடிகளில் அளவைக் கூட்டுவதற்காக மால்ட்டோடெக்ஸ்ட்ரின் கலக்கிறார்கள். மாத்திரையோ சொட்டு மருந்து போன்ற நீர்மமோ மேல்.

பல்லாண்டுகளாக இரண்டு கரண்டி போட்டுக் குடித்துப் பழகிய நாக்கை எப்படி மாற்றுவது?

ஒரே நாளில் நிறுத்துபவர்களில் பலர் மூன்றாம் நாளே பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். என் தாயாருக்கு நாங்கள் செய்தது இது: வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்தோம். இரண்டு மாதத்தில் கரண்டி காலியானது, அவர் அதைப் பெரிய இழப்பாக உணரவில்லை. ஏலக்காய், பட்டை, சுக்கு, பெருஞ்சீரகம் ஆகியவற்றின் மணம் இனிப்பின் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும், துவர்ப்பு ஏறினால் நாக்கு சீனியைத் தேடும். ஆகவே தூளைப் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிடுவது, சீனியைக் குறைக்க நினைப்பவருக்கு மிகவும் உதவும்.

டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொன்னால் ஒரு கரண்டியாவது குவளையின் அடியில் இருக்கும். சீனியை முதலில் போட்டுவிட்டுத்தான் டிகாக்‌ஷனையும் பாலையும் ஊற்றுவார்கள் என்பதால், மாஸ்டர் குவளையைக் கையில் எடுக்கும் முன்பே "சர்க்கரை இல்லாமல்" என்று சொல்லிவிட வேண்டும்.

தாவரப் பால் தேநீரில் திரிந்துபோகிறது. என்ன செய்வது?

தேயிலைச் சாற்றின் புளிப்பும் சூடும் சேர்ந்து தாவரப் புரதத்தைத் திரளச் செய்வதே காரணம். சோயாப் பாலைத் தனியாக மிதமாகச் சூடுபடுத்தி, அதன் மேல் டிகாக்‌ஷனைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்; குளிர்ந்த பாலைக் கொதிக்கும் தேநீரில் கொட்டக் கூடாது. தேங்காய்ப் பாலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். இஞ்சித் தேநீர் போடுபவர்கள் இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்கு கொதிக்கவிட வேண்டும், ஏனெனில் பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. கொதித்தால் அது செயலிழந்துவிடும். வீட்டில் அரைத்த பால் எதுவானாலும் குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

எப்போது குடிப்பது நல்லது?

தேசிய உணவூட்ட நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதல், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரையும் காபியையும் தவிர்க்கச் சொல்கிறது. தேயிலையில் உள்ள டானின், உணவில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிணைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். இரத்தசோகை உள்ள பெண்கள் இதை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். அதே வழிகாட்டுதல் ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65 மி.கி. காஃபீன் இருப்பதாகவும், நாளுக்கு 300 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்றும் குறிப்பிடுகிறது. காஃபீன் சிலருக்கு இன்சுலினின் செயலைச் சிறிது நேரம் மந்தப்படுத்தும். மாலை ஆறு மணிக்கு மேல் குடித்துத் தூக்கம் கெட்டால், மறுநாள் காலைச் சர்க்கரையும் கெடக்கூடும்.

தேநீருடன் எதைச் சாப்பிடலாம்?

இனிப்புக் குறைவாகத் தோன்றும் மேரி வகை பிஸ்கட்டிலும் எடையில் முக்கால் பங்கு மாவுச்சத்துத்தான், ரஸ்க்கும் அப்படியே. சீனியில்லாத தேநீருடன் நான்கு பிஸ்கட் சாப்பிடுபவர், கரண்டியில் மிச்சப்படுத்தியதைத் தட்டில் செலவழித்துவிடுகிறார். ஒரு கைப்பிடிச் சுண்டல், அவித்த நிலக்கடலை, நாலைந்து பாதாம் ஆகியவை மெதுவாகவே சர்க்கரையை ஏற்றும்.

பச்சைத் தேநீர், ஆவாரம்பூத் தேநீர் ஆகியவை சர்க்கரையைக் குணப்படுத்துமா?

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியைச் சொல்லித்தான் ஆவாரம்பூப் பொடி விற்கப்படுகிறது. இனிப்பில்லாமல் அருந்தினால் சீனி போட்ட தேநீரைவிட இவை நல்லவை, அதில் ஐயமில்லை. ஆனால் இவற்றை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது உயிருக்கு ஆபத்தானது. மருந்துடன் சேர்த்து மூலிகைத் தேநீர் அருந்துபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பசும்பாலை முற்றிலும் நிறுத்தினால் வேறு ஏதாவது குறையுமா?

குறையும், இதைப் பலர் கவனிப்பதில்லை. நீரிழிவுக்கு மிகப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை, ஆண்டுக்கணக்கில் எடுக்கும்போது உடலில் வைட்டமின் பி12-ஐக் குறைக்கக்கூடியது. முட்டையும் இறைச்சியும் உண்ணாதவருக்குப் பி12 கிடைக்கும் முதன்மையான வழி பாலும் தயிரும்தான். அதையும் நிறுத்திவிட்டு, பி12 செறிவூட்டப்படாத தாவரப் பாலுக்கு மாறினால் குறைபாடு இரு பக்கமும் சேர்ந்து வரும். கால் மரத்துப் போதல், எரிச்சல் போன்றவை அதனாலும் ஏற்படலாம். அவற்றைச் சர்க்கரையின் விளைவு என்று மட்டுமே எண்ணி விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. எனவே மாறுபவர்கள் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. 100 மி.லி. பசும்பாலில் சுமார் 120 மி.கி. கால்சியம் உண்டு, வீட்டில் அரைத்த பாதாம், தேங்காய்ப் பாலில் அதற்கு ஈடில்லை. கேழ்வரகு, எள், கீரை ஆகியவற்றால் ஈடுசெய்ய வேண்டும்.

தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் அதை வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்த வேண்டும். சோயாப் பால் அந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறிப்பாகக் குறைக்கும்.

சர்க்கரை திடீரெனக் குறைந்தால் இனிப்பான தேநீர் போதுமா?

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து, இரத்தச் சர்க்கரை 100 மி.லி.க்கு 70 மி.கி.க்குக் கீழ் போனால், தேநீர் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. பால் கலந்தால் சர்க்கரை ஏறுவதும் தாமதப்படும். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை அல்லது சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் ஆகிய மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சீனி விரைவில் பலனளிக்காது, ஏனெனில் குடலில் சீனி உடைவதைத் தடுப்பதுதான் அம்மருந்துகளின் வேலை. அவர்கள் குளுக்கோஸ் பொடியையே எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். நினைவு மங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எனக்கு எந்தத் தேநீர் ஒத்துக்கொள்கிறது என்பதை நானே அறிய முடியுமா?

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் முடியும். வேறு எதுவும் சாப்பிடாத மாலை வேளையில், குடிப்பதற்கு முன் ஒரு முறையும், குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில், பாலை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் அப்படியே வைத்து மீண்டும் அளங்கள். ஒரே நாளின் எண்ணை வைத்து முடிவுக்கு வராமல், ஒவ்வொரு பாலையும் இரண்டு மூன்று முறை சோதிக்க வேண்டும். அந்தக் குறிப்பை அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது கொண்டுபோங்கள். வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் காலையில் மட்டும், சீனியில்லாத தேநீரும் வேண்டாம். எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் அருந்தாமல் சென்று, இரத்தம் கொடுத்த பிறகு குடிக்கலாம்.